பதினேழாம் அறையின் வெளிப்பூட்டு

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேரையூர்ப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும், சாவிப் பலகையில் அறை நம்பர் எழுதவும்தான். என் வரி மேலே ஏறும், கீழே இறங்கும். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். தப்பு இருந்தால் நீங்களே சரியாக வாசித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நீங்கள் எனக்கு வைத்த வழியனுப்புத் தேநீரில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், மைக்கைப் பிடித்தேன், "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அதோடு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினீர்கள். அது அழுகை இல்லை. கூச்சம். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. பதினெட்டு வருஷம் இந்த ஆராய்ச்சி மாணவர் விடுதியில் அட்டெண்டராக இருந்தும் அது போகவில்லை. கண் பார்வை மங்கி, ஐம்பது வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு போகிற இந்த நேரத்தில் இனிப் போகப்போவதும் இல்லை.

ஆனால் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நாலு பேரில் ஒருவர் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டார். பூட்டியிருக்கிற அறைகளுக்கு முன்னால் நின்று நான் ஏன் காலையிலும் சாயங்காலமும் சத்தம் போடுகிறேன் என்று. "அண்ணே பூட்டுக்கிட்டப் பேசுறாருடா" என்று நீங்கள் உங்களுக்குள் சிரித்ததும் என் காதில் விழுந்தது. தப்பில்லை. நானும் இளவயதாக இருந்தால் சிரித்திருப்பேன். அதற்குப் பதிலை வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த விடுதியைச் சுற்றி ஒன்றும் கிடையாது. மேற்கே மலை, கிழக்கே தூரத்தில் மதுரைப் பக்கத்து வெளிச்சம், நடுவில் முள் நிறைந்த உடைமரக் காடு. ஆடி மாசக் காற்றில் கொடியில் காயும் சட்டைகள் அறுத்துக்கொண்டு ஓடும். ஆராய்ச்சி பண்ணும் சார்மார்கள் தங்கள் சட்டைகளை உடைமர முள்ளிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார்கள். மாடியில் யாராவது ஒருவர் எந்நேரமும் டைப் அடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு நிம்மதி. யாரோ ஒருவருக்கு வேலை முடியப்போகிறது என்று அர்த்தம். தீசிஸ் கொடுத்த அன்றைக்கு அந்த சார் விடுதி முழுவதற்கும் அல்வா வாங்கிக் கொடுப்பார். மதுரையிலிருந்து வாழையிலையில் கட்டிக்கொண்டு வரும் அல்வா, பஸ்ஸில் வரும்போதே நெய் கசிந்து அவர்கள் பேண்டில் வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தே இன்னார் தீசிஸ் கொடுத்துவிட்டார் என்று சொல்லிவிடுவோம்.

அந்த நாளிலேயே இருந்த வழக்கம்தான் வெளிப்பூட்டு. தீசிஸ் எழுத உட்காருகிறவருக்குத் தொந்தரவு எழுதுவதில் இல்லை, நண்பர்களில்தான். ஒருவர் டீ குடிக்கக் கூப்பிடுவார், ஒருவர் சினிமாவுக்குக் கூப்பிடுவார், ஒருவர் சும்மா கட்டிலில் வந்து சாய்வார். அதனால் எழுதுகிறவர் உள்ளே இருக்க, நான் வெளியே பூட்டிவிடுவேன். விடியும் முன்பும், எல்லோரும் டிபார்ட்மெண்டுக்குப் போன பிறகும் திறந்துவிடுவேன், குளித்துவிட்டு வருவார். அந்த நேரத்தில் அறையைக் கூட்டுவேன். சாப்பாடும் டீயும் ஜன்னல் கம்பி வழியாகப் போகும். யாராவது கேட்டால் "ஊரில் இல்லை" என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அந்தப் பொய்யை விடுதிக்குள் யாரும் நம்பமாட்டார்கள். எல்லோருக்கும் வழக்கம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி போய்விடுவார்கள். ஆனால் பேராசிரியர்களுக்கும் வார்டனுக்கும் தெரியக்கூடாது. நானும் வாயைத் திறக்காதவன் என்பதால் என்னை எல்லோருக்கும் பிடிக்கும். "சோலை அண்ணன் பூட்டுனா அந்தப் பூட்டு ஆண்டவனுக்கே திறக்காது" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் என்று நினைவு. பதினேழாம் அறையில் தவமணி என்று ஒருவர் இருந்தார். எழுமலைக்காரர். அப்பா கிணறு வெட்டுகிறவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் இவர்தான். நம் பக்கத்துக் கண்மாய்களின் சரித்திரத்தை ஆராய்ச்சி பண்ணினார். நான் 'சார்' என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "பக்கத்து ஊருக்காரனைப் போய் சாருங்கிறீங்களேண்ணே" என்பார். அதனால் 'தம்பி' என்பேன்.

மாசி மாசத் தொடக்கத்தில் ஒருநாள் என்னிடம் வந்தார்.

"அண்ணே, நாளையிலேருந்து எனக்கும் வெளிப்பூட்டுப் போட்டுருங்க."

"எம்புட்டு நாளைக்குத் தம்பி?"

"முடியிற வரைக்கும். யாராச்சும் கேட்டா மெட்ராஸ் போயிருக்கேன்னு சொல்லுங்க. ஆவணக் காப்பகத்துல வேலைன்னு."

"யாரு வந்தாங்கன்னு ஒங்களுக்குச் சொல்லட்டா?"

"சொல்லவே வேணாம்ணே. யாரு வந்தாலும் சொல்லாதீங்க. சொன்னா மனசு அங்கிட்டு ஓடிரும்."

சரி என்றேன். சொன்னபடி செய்தேன்.

நாலாம் நாள் பக்கத்து அறை சார் வந்தார். கெமிஸ்ட்ரி. எப்போது பார்த்தாலும் கேலி பேசுகிறவர்.

"எங்கண்ணே நம்ம மாப்ள?"

"மெட்ராஸ் போயிருக்காரு சார்."

"அப்படியா? அவன் வேட்டி கொடியில காயுதே?"

"போறதுக்கு முன்னாடி தொவைச்சுப் போட்டதா இருக்கும் சார்."

"நாலு நாளா காயுதா? எந்த ஊரு நெசவுண்ணே அது, சொல்லுங்க, நானும் ஒண்ணு வாங்கணும்." ஜன்னல் பக்கம் திரும்பி உரக்க, "மெட்ராஸ்ல வெயில் எப்படி மாப்ள?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்து வந்தவர் தவமணியின் கைடு. இங்கே சேர்ந்து அதிக நாள் ஆகாத பேராசிரியர். டிபார்ட்மெண்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். "மெட்ராஸ் போயிருக்காருங்க சார்" என்றேன். "என்கிட்டச் சொல்லாமலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வாரத்தில் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாம் தடவை, "வந்த உடனே என்னைப் பார்க்கச் சொல்லு, அவசரம்" என்றார். ஒரு பேராசிரியர் மாணவனைத் தேடி மூன்று தடவை விடுதிக்கு வருகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, தம்பி ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார், இவர் திட்டப்போகிறார் என்பதுதான். சொல்லாதே என்று தம்பி சொல்லியிருக்கிறாரே என்று நான் ஜன்னல் பக்கமே போகவில்லை.

இன்னொன்றையும் நான் பார்த்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். தீசிஸ் எழுதுகிறவரின் அறையைக் கூட்டியவனுக்குத் தெரியும். குப்பைக்கூடை நிறைந்து வழியும். கசக்கிய தாள், கிழித்த தாள், பாதி எழுதி அடித்த தாள். தவமணி அறையில் முதல் மூன்று நாள் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு கூடையில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கூடை காலி. பத்து நாள் காலி. சாப்பாட்டுத் தட்டு மட்டும் பாதி சோற்றோடு திரும்பி வந்தது. நான் காலிக் கூடையை எடுத்துத் தட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். "என்ன தம்பி, எழுதலையா?" என்று கேட்க இரண்டு வார்த்தை போதும். என் கூச்சம் என்னைக் கேட்கவிடவில்லை. படித்தவர் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பூட்டுப் போட்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு மத்தியானம், விடுதி வாசலில் ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். முழங்கால்வரை ஏற்றிக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தூக்குவாளி. என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஐயா, இங்கன தவமணின்னு ஒரு பையன். எழுமலை. பெரிய படிப்புப் படிக்கிறான்."

"நீங்க யாருங்க?"

"அவன் அப்பன்யா."

நான் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தேன். பதினேழாம் அறை கீழ்த்தளத்தில்தான். நாங்கள் பேசுவது உள்ளே கேட்கும். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், ஓடிப்போய்த் திறந்துவிடுவேன். சத்தம் வரவில்லை.

"மெட்ராஸ் போயிருக்காருங்க" என்றேன்.

"மெட்ராஸா?" என்று கேட்டார். அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிற மாதிரி கொஞ்சம் நின்றார். "ரெண்டு மாசமா காயிதம் இல்லைய்யா. அவன் ஆத்தா ஒரே பொலம்பல். நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்காருங்க."

"எப்ப வருவான்?"

"தெரியலைங்க."

எந்த அறை என்று கேட்டார். காட்டினேன். கதவருகே போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல பூட்டாத்தான் போட்டிருக்கான்" என்றார். பிறகு முற்றத்தின் நடுவே வந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "தவமணீ!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. மாடியில் புறாக்கள் எழுந்து பறந்தன. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தார்.

"சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்யா. தொழில் பழக்கம்."

தூக்குவாளியை என்னிடம் கொடுத்தார். "அவிச்ச மொச்சை. அவனுக்குப் பிடிக்கும். அவந்தான் இல்லையே, நீங்க சாப்பிட்டுருங்கய்யா. நாளைக்கு ஊசிப்போகும்."

அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வழியில் இரண்டு தடவை திரும்பி விடுதியைப் பார்த்தார். நான் தூக்குவாளியைக் கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தேன். உள்ளே தவமணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் விடியும் முன்பு கதவைத் திறந்தேன். வழக்கமாக எழுந்து துண்டோடு நிற்பவர், தரையில் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மூடியைத் திறக்கும் முன்பே நாற்றம் வந்தது. மேஜை மேல் டைப் அடித்த தாள்கள் ஒரு கட்டு, முழுக்கச் சிவப்பு மை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், அதில் ஒரே ஒரு வரி. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வரி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, ஒங்க அப்பா வந்தாரு" என்றேன்.

"கேட்டுச்சுண்ணே."

"கூப்பிட்டாரு."

"அதும் கேட்டுச்சு."

மேஜையைக் காட்டி அவரே சொன்னார். "எழுதிக் குடுத்த ரெண்டு அத்தியாயத்தையும் கைடு திருப்பிட்டாருண்ணே. பூராம் செவப்பு மை. பங்குனியோட என் பதிவு முடியுது. அதுக்குள்ள முடிக்க முடியாது. முடிக்கலைன்னா அஞ்சாறு வருசமும் தண்ணியில போச்சு. தீவாளிக்கு ஊருக்குப் போனப்ப, முடிஞ்சிருச்சுன்னு அப்பாட்டச் சொல்லிட்டேன். அவரு தெருப் பூராம் சொல்லிவச்சிருக்காரு. எந்த மொகத்தை வச்சுக்கிட்டு அவர் முன்னால வந்து நிக்க?"

"அப்ப இத்தனை நாளா உள்ள?"

"சும்மாத்தான்ணே உக்காந்திருந்தேன்."

பிறகு என்னைப் பார்க்காமலே, "பூட்டிட்டுப் போங்கண்ணே" என்றார். அவர் அழுதிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அந்த வார்த்தையை அவர் சொன்ன குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மூன்று வாரமாக ஒரு மனுஷன் தனக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார், அதற்கு நான் வெளியே காவல் இருந்திருக்கிறேன்.

தம்பிகளே, வேலை என்பது அந்த நிமிஷம்தான். மற்றதெல்லாம் கூட்டுவது, பெருக்குவது, சாவி மாட்டுவது. பூட்டிவிட்டுப் போகச் சொல்கிறார். வாக்குக் கொடுத்திருக்கிறேன். வார்டனிடம் சொன்னால் பதிவேட்டில் ஏறும், 'உடம்பு சரியில்லை' என்று எழுதி ஊருக்கு அனுப்புவார்கள், அதோடு கதை முடியும். கைடிடம் சொல்லலாம் என்றால், திருப்பிக் கொடுத்ததே அவர்தானே என்று நினைத்தேன். என் கையில் இருந்தது ஒரு பூட்டும், ஊசிப்போன மொச்சையோடு ஒரு தூக்குவாளியும்தான்.

கதவைச் சாத்தினேன். பூட்டைக் கொண்டியில் மாட்டினேன். ஆனால் அழுத்தவில்லை. பார்ப்பவருக்குப் பூட்டியது போல இருக்கும், உள்ளேயிருந்து கதவை இழுத்தாலே கழன்று வரும். பிறகு பக்கத்து அறை கெமிஸ்ட்ரி சாரை எழுப்பினேன்.

"சார், தவமணித் தம்பி மெட்ராஸ் போகல."

"இதைச் சொல்லவா விடியக்காலத்துல எழுப்புனீங்க? எங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"எழுதவும் இல்ல சார். மூணு வாரமா ஒண்ணும் எழுதல."

அவர் முகத்தில் கேலி போய்விட்டது. பூட்டு சும்மா தொங்குகிறது என்பதையும் சொன்னேன். அவர் உடனே எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பதினேழாம் அறை ஜன்னலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்து, அன்றைய பேப்பரை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் லேப் பக்கமே போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

நான் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, தூக்குவாளியைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். அங்கிருந்து எழுமலை. தெருவில் விசாரித்து, ஊருக்குத் தெற்கே ஒரு காட்டில் புதுக் கிணறு வெட்டுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு பேர் மேலே நின்று கப்பியில் கல் கூடையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தவமணி அப்பாவைப் பாக்கணும்" என்றேன்.

"பெரியவர் உள்ள இருக்காருண்ணே. செத்தப் பொறுங்க." ஒருவர் கிணற்று விளிம்பில் குனிந்து, "ஓ!" என்று கத்தினார். ஆழத்திலிருந்து, "ஓ! என்னடா!" என்று கோபமாகப் பதில் வந்தது.

"வையிறாரு" என்று அவர் சிரித்தார். "வெட்டும்போது தொந்தரவு பண்ணுனா அவருக்குப் பிடிக்காது. ஆனா பதில் கொரல் குடுத்துருவாரு, வஞ்சுக்கிட்டாவது குடுத்துருவாரு."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா யோசிக்கிறதே இல்லண்ணே. கயித்தைக் கட்டிக்கிட்டு ஆள் எறங்கிரும். உள்ள கெட்ட காத்து கெடக்கும். கூப்பிட்டுப் பதில் இல்லேன்னா ஆள் நல்லா இல்லேன்னு அர்த்தம்."

முந்தின நாள் முற்றத்தில் நின்று தவமணியின் அப்பா ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

அவர் கயிற்றைப் பிடித்து மேலே வந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் கல் மாவு. தூக்குவாளியைப் பார்த்ததும், "இதைக் குடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஐயா, தவமணி மெட்ராஸ் போகல. நேத்து உள்ளதான் இருந்தாரு. நாந்தான் பொய் சொன்னேன்." அதற்கு மேல் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. வெளிப்பூட்டு, சிவப்பு மை, தீபாவளிக்குச் சொன்னது, எல்லாம் முன்பின்னாகச் சொல்லியிருப்பேன். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போயிருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சாம்."

"கேட்டும் கொரல் குடுக்கலையா?"

அவர் கிளையில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, கல் மாவோடேயே போட்டுக்கொண்டார். "வாங்க தம்பி, போவோம்" என்றார். அதுவரை 'ஐயா' என்றவர் அப்போதுதான் 'தம்பி' என்றார்.

பஸ் ஏறினோம். உசிலம்பட்டி தாண்டியதும், "படிப்பு முடியலைங்கிறதுக்கா இம்புட்டும்?" என்றார்.

"ஆமாங்க."

"கிறுக்குப் பய. இருவதடியில தண்ணி வந்துரும்னு நான் எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன்! அறுவது அடிக்கும் வராது. அதுக்காகக் கெணத்துக்குள்ளேயேவா உக்காந்திருந்தேன்?" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலு இருக்கும். கெமிஸ்ட்ரி சார் பேப்பர் முடிந்து, விளம்பரங்களையும் முடித்து, குரல் கட்டி உட்கார்ந்திருந்தார். பெரியவர் கதவுப் பக்கம் போகவில்லை. முந்தின நாள் நின்ற அதே இடத்தில் முற்றத்தில் நின்றார். கையைக் குவித்தார்.

"தவமணீ!"

ஒன்றும் இல்லை. கெமிஸ்ட்ரி சார் எழுந்து நின்றுவிட்டார். நான் பூட்டை நோக்கி ஓரடி வைத்தேன். பெரியவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். இன்னொரு தடவை அவர் கூப்பிடவும் இல்லை. தலையைச் சாய்த்துக் காத்திருந்தார், கிணற்று மேட்டில் நிற்பவர்கள் காத்திருக்கிற மாதிரி.

"இருக்கேன்ப்பா."

சின்னக் குரல். தண்ணீரே காணாத குரல்.

"கேக்கல. சத்தமா."

"இருக்கேன்ப்பா!"

"இருக்கேல்ல. அப்பச் சரி. வெளிய வா."

"பூட்டியிருக்குப்பா."

"பூட்டல தம்பி" என்றேன் நான். "காலையிலேருந்தே பூட்டல. சும்மாதான் தொங்குது."

கதவு திறந்ததும் பூட்டு கழன்று தரையில் விழுந்தது. மூன்று வாரத் தாடியோடு வந்து நின்றவரைப் பெரியவர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். துண்டிலிருந்த கல் மாவு எல்லாம் மகன் முகத்தில் அப்பிக்கொண்டது. "போ, போய்க் குளி" என்றார். அதற்கு மேல் இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை அப்பா, மகன், நான் மூன்று பேரும் கைடைப் பார்க்கப் போனோம். முதலில் நான் வரமாட்டேன் என்றேன். "பொய் சொன்ன ஆளும் வரணும்" என்றார் பெரியவர். பேராசிரியர் தவமணியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எங்கய்யா போயிருந்த? மூணு தடவை நடந்து வந்தேன்!"

தவமணி மேஜையில் அந்தச் சிவப்பு மைத் தாள்களை வைத்தார். பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா? நல்லா இருந்த இடத்துலதான்யா கேள்வி கேட்டிருக்கேன். மோசமா இருந்தா இம்புட்டு மை செலவழிப்பேனா?" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ஆறு மாதம் காலநீட்டிப்புக்கான விண்ணப்பம். எல்லாம் நிரப்பி, தன் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். "ஒன் கையெழுத்து ஒண்ணுக்காக ரெண்டு வாரமா இது இங்க கெடக்கு. நாளைக்குக் கடைசி நாள்."

தவமணி நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பெரியவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"மெட்ராஸ்னு சொன்னது நீதான?"

"ஆமாங்க சார்."

அவர் விண்ணப்பத்தை எடுத்து உறையில் போட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் மூன்று தடவை கொண்டுவந்தது திட்டு இல்லை, கயிறு. மூன்று தடவையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். இன்னும் ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பத்துப் பதினோரு வருஷம் கழித்தும் சில நேரம் நினைப்பு வரும். வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அடுத்த வாரமே தவமணி மறுபடி வெளிப்பூட்டுக் கேட்டார். "போடுறேன் தம்பி. ஆனா காலையில ஒரு தடவை கூப்பிடுவேன், சாயங்காலம் ஒரு தடவை கூப்பிடுவேன். நீங்க கொரல் குடுக்கணும். குடுக்கலைன்னா தொறந்துருவேன். வாக்கு கீக்கெல்லாம் கெடையாது" என்றேன். நான் அவரிடம் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுதான். சரி என்றார். புரட்டாசியில் தீசிஸ் கொடுத்தார். அந்தத் தாமதத்தில் மேலூரில் அவருக்குச் சொல்லிவைத்திருந்த வாத்தியார் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. வேறு ஊரில் வேலை கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

தீசிஸ் கொடுத்த அன்றைக்கு அல்வாவோடு பெரியவரும் வந்திருந்தார். அதே தூக்குவாளி, இந்தத் தடவை அவித்த கடலை. "இதையாவது ஊசிப்போக விட்டுறாதீங்க தம்பி" என்றார். நானும் கெமிஸ்ட்ரி சாரும் அவர் முன்னாலேயே உட்கார்ந்து பாதியைத் தின்றோம்.

வெளிப்பூட்டை நிறுத்திவிடுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அது இந்த விடுதிக்கு வேண்டும். எழுதுகிறவருக்குத் தனிமை வேண்டும்தான். ஆனால் நாம் சொல்கிற பொய் விடுதிக்குள் இருப்பவருக்கு விளையாட்டு, வெளியூரிலிருந்து தேடி வருகிறவருக்கு நிஜம். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். அப்பாவுக்கும் சேர்த்தா, கைடுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். கூட்டும்போது கூடையைப் பாருங்கள். தாள் வழிந்தால் பூட்டிவிட்டு வாருங்கள். காலியாக இருந்தால் கூச்சப்படாமல் இரண்டு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன். அப்புறம், பூட்டை அழுத்தாதீர்கள். மாட்டினால் போதும்.

இந்த மாசக் கடைசியில் சாவிக்கொத்தை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பதினேழாம் அறையில் இப்போது இருக்கிற சார் நாலு நாள் முன்னால்தான் வெளிப்பூட்டுக் கேட்டார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் ஆகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், கதவுக்கு முன்னால் நின்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என் கை பூட்டுக்குப் போய்விட்டது.

"இருக்கேண்ணே! எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்! ஏண்ணே உசுர வாங்குறீங்க?"

வஞ்சுக்கிட்டாவது குரல் கொடுத்துவிட்டார். அது போதும். திரும்பி வந்து உட்கார்ந்து தேதியைப் போடுகிறேன்.

பங்குனி மாதம் 9, 1989.